இரவல் இன்ஜின், இரவல் இதயம்: கரோல் ஷெல்பியின் கதை

1/
இன்று கொஞ்சம் வித்தியாசமான இழை. பாதி கார் வரலாறு, பாதி இதய மருத்துவம். பழைய டிசைன் கார் ஒன்றில் அதைவிட இரண்டு மடங்கு பெரிய இன்ஜினைக் கோர்த்து ஃபெராரியையே ஜெயித்த ஒரு மனிதர். பிற்பாடு அவர் நெஞ்சிலேயே வேறொருவரின் இதயத்தைக் கோர்க்க வேண்டி வந்தது. இரண்டு வேலைக்கும் பல விதிகள் ஒன்றுதான். ஒன்றாக இல்லாத இடமும் உண்டு. அந்த இடம்தான் முக்கியம். பொறுமையா வாசிங்க.

2/
"ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி" (2019) படம் பார்த்தவர்களுக்கு மேட் டேமன் ஏற்ற பாத்திரம் நினைவிருக்கும். அவர்தான் கரோல் ஷெல்பி. 1923-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லீஸ்பர்க் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா கிராமத்துத் தபால்காரர். ஏழு வயதில் பையனுக்கு இதய வால்வில் கசிவு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஓடி விளையாடும் வயதில் படுக்கை. அப்புறம் தேறி, இரண்டாம் உலகப் போரில் விமானப் பயிற்சியாளராகவே வேலை பார்த்தார்.

3/
போர் முடிந்ததும் கோழிப் பண்ணை வைத்தார். முதல் ஈட்டில் நல்ல லாபம். இரண்டாவது ஈட்டில் கோழிகள் கழுத்துத் தொங்கிச் செத்து விழுந்தன. ஆங்கிலத்தில் "லிம்பர்நெக்" என்பார்கள். க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் நஞ்சு அது. தசைக்குப் போகும் நரம்பின் கட்டளையைத் துண்டித்துவிடும். கழுத்தைத் தூக்கக்கூட பலம் இருக்காது. பண்ணை திவால். நரம்புக் கட்டளை துண்டிக்கப்படுவதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில் வேறு விதமாகத் திரும்ப வரும்.

4/
1952-ல் கார் பந்தயத்துக்கு வந்தார். பண்ணையில் போடும் கோடு போட்ட ஓவரால் உடுப்போடு பந்தயம் ஓட்டுவது அவருடைய அடையாளமே ஆகிவிட்டது. 1959-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ராய் சால்வடோரியோடு சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் காரில் முதல் இடம். பந்தய ஓட்டுநருக்கு அதைவிடப் பெரிய கிரீடம் குறைவு. வயது 36.

5/
1960-ல் நெஞ்சு வலி வந்தது. ஆஞ்சைனா. இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் சுருங்கி, வேலை கூடும்போது ரத்தம் பத்தாமல் போவதால் வருகிற வலி. வேறு யாராவது என்றால் வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவர் நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் மாத்திரையை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டினார்! அந்த வருஷ அமெரிக்கச் சாலைப் பந்தய சாம்பியன் பட்டமும் வாங்கினார். தயவுசெய்து யாரும் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6/
அந்த மருந்தைப் பற்றி ஒரு வரி சொல்லியாகணும். டைனமைட்டுக்குள் இருக்கும் அதே நைட்ரோகிளிசரின்தான் இது. 1879-ல் வில்லியம் மரல் என்ற லண்டன் மருத்துவர் ஆஞ்சைனாவுக்கு இது வேலை செய்வதை எழுதினார். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் இதையே எழுதிக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் அப்பா, தாத்தா சட்டைப் பையில் இருக்குமே, நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட், அதுவும் இதே குடும்பம்தான். ரத்தக்குழாயைத் தளர்த்தி, இதயத்தின் சுமையைக் குறைக்கும். வலியைத் தணிக்கும், நோயைக் குணமாக்காது.

7/
1960-ஓடு ஷெல்பி பந்தயம் ஓட்டுவதை நிறுத்தினார். வயது 37. தெரிந்த தொழில் அது ஒன்றுதான். கையில் பெரிய பணம் கிடையாது. ஆனால் தலைக்குள் ஒரு யோசனை இருந்தது: ஐரோப்பாக்காரன் செய்யும் எடை குறைந்த, வளைவில் ஒழுங்காகத் திரும்பும் காருக்குள் அமெரிக்காக்காரன் செய்யும் பெரிய வி8 இன்ஜினை வைத்தால் என்ன?

8/
இந்த யோசனை அவர் கண்டுபிடித்தது இல்லை. கதை 1932-ல் தொடங்குகிறது. அந்த மார்ச்சில் ஹென்றி ஃபோர்ட் 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன் வி8 இன்ஜினைச் சாமானியன் வாங்கும் விலைக் காரில் கொடுத்தார். எட்டு சிலிண்டரும் ஒரே வார்ப்பில். அதற்கு முந்தைய மாடல் ஏ காரில் நாலு சிலிண்டர், 40 குதிரைத்திறன். 1927-லிருந்து 1932-க்குள் மாடல் ஏ கார்கள் சுமார் 48 லட்சம் விற்றிருந்தன. தெருவுக்குத் தெரு நின்றன, விலையோ சல்லிசு.

9/
கலிஃபோர்னியா பையன்கள் என்ன செய்தார்கள்? நம்ம ஊர் காயலான் கடை மாதிரி இடங்களுக்குப் போனார்கள். விபத்தில் நசுங்கிய வி8 காரிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸைக் கழற்றி வந்து தங்கள் பழைய மாடல் ஏ-யில் கோர்த்தார்கள். மியூராக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்த்தார்கள். "ஹாட் ராட்" என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிற கலாசாரத்தின் வேர் இதுதான்.

10/
இன்ஜினை மாற்றினால் வேலை முடிந்ததா? இங்கேதான் மருத்துவ மூளை விழித்துக்கொள்ளும். வி8 நீளத்தில் குட்டை, அகலத்தில் பெருசு. அதனால் சேஸிஸில் இன்ஜினைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மாற வேண்டும். சிலிண்டர் வரிசை இரண்டு என்பதால் ரேடியேட்டருக்கு இரட்டைக் குழாய். இந்த இன்ஜினில் சூடான புகை, இன்ஜின் கட்டைக்கு நடுவிலேயே தண்ணீர் சுற்றும் அறை வழியாகப் போய் வெளியேறும். அதனால் சீக்கிரம் சூடேறும். பழைய ரேடியேட்டர் தாங்காது.

11/
எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் பிரேக். மாடல் ஏ-யில் இரும்புக் கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக்தான். 40 குதிரைக்கு அளந்து செய்தது. ஃபோர்ட் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்ததே 1939 மாடலில். விவரம் தெரிந்தவர்கள் 1939-க்குப் பிந்தைய ஃபோர்டிலிருந்து பிரேக்கையும் கழற்றி வந்து மாட்டினார்கள். விவரம் தெரியாதவர்கள் இன்ஜினை மட்டும் மாற்றினார்கள். வேகமாகப் போவது எளிது, நிற்பதுதான் கஷ்டம். எந்த அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

12/
இங்கிலாந்தில் சிட்னி ஆலர்ட் என்பவர் இதையே தொழிலாகச் செய்தார். அவர் செய்த ஜே2 காரில் அமெரிக்க கேடிலாக் வி8 வைத்து 1950 லெ மான்ஸில் மூன்றாம் இடம். ஷெல்பியே ஆரம்ப காலத்தில் ஆலர்ட்–கேடிலாக் ஓட்டியவர்தான். ஆக, இந்தச் சேர்க்கை எப்படி இழுக்கும், எங்கே மக்கர் பண்ணும் என்று கையால் அனுபவித்துத் தெரிந்தவர்.

13/
1961-ல் வாய்ப்பு தானாக வந்தது. இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டனில் ஏசி கார்ஸ் என்ற சிறிய கம்பெனி. 1953-லிருந்து "ஏஸ்" என்ற அழகான, அலுமினியத் தோல் போட்ட சிறிய காரைச் செய்து வந்தது. அதற்கு இரண்டு லிட்டர் இன்ஜின் கொடுத்து வந்த பிரிஸ்டல் கம்பெனி தயாரிப்பை நிறுத்தப் போகிறது. அந்த இன்ஜினின் மூலமே போருக்கு முந்தைய பி.எம்.டபிள்யூ டிசைன். உடம்பு நல்லா இருக்கு, இதயம் நிற்கப் போகுது. ஷெல்பி செப்டம்பரில் ஏசிக்குக் கடிதம் போட்டார்: வி8 வைக்கும்படி காரை மாற்றித் தருவீர்களா?

14/
அதே சமயத்தில் ஃபோர்ட் புதிய சிறிய வி8 ஒன்றைக் கொண்டு வந்திருந்தது. வார்ப்பில் சுவரை மெலிதாக்கி எடையைக் குறைத்திருந்தார்கள். முதலில் 221 கன அங்குலம். 1932 வி8-ன் அதே அளவு! பிறகு அதுவே 260 கன அங்குலம், அதாவது 4.2 லிட்டர். சுமார் 260 குதிரைத்திறன். ஏஸின் பழைய பிரிஸ்டல் இன்ஜின் எவ்வளவு முறுக்கினாலும் 130-ஐத் தாண்டாது. இரண்டு மடங்கு பலம். எடையோ பெரிதாகக் கூடவில்லை. இவரிடம் கார் இருக்கு என்று ஃபோர்டிடமும், இன்ஜின் இருக்கு என்று ஏசியிடமும் பேசி இரண்டையும் வாங்கிய சாமர்த்தியம் ஷெல்பியுடையது.

15/
1962 பிப்ரவரி. சிஎஸ்எக்ஸ் 2000 என்ற எண்ணோடு இன்ஜின் இல்லாத கார் ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து இறங்கியது. சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸில் டீன் மூன் என்ற ஹாட் ராட் காரரின் பட்டறை. எட்டு மணி நேரத்துக்குள் இன்ஜினும் கியர்பாக்ஸும் உள்ளே. அன்றைக்கே ஓட்டிப் பார்த்தார்கள். கனவில் வந்த பெயர் என்று சொல்லி "கோப்ரா" என்று வைத்தார். இருந்தது அந்த ஒரே கார்தான். பத்திரிகைக்காரர்கள் வரும்போதெல்லாம் வேறு வேறு வண்ணம் அடித்து நிறைய கார் இருப்பது போல் காட்டினாராம்! அதே கார் 2016-ல் ஒரு கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

16/
எட்டு மணி நேரத்தில் முடிந்தது என்றால் சும்மா தூக்கி உள்ளே போட்டதாக நினைக்காதீங்க. அதற்கு முன்பே ஏசி தன் பட்டறையில் அடிப்படை வேலையைச் செய்துவிட்டது. பின் சக்கரத்துக்குத் திறனைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் பழையது முறிந்துவிடும் என்று, ஜாகுவார் ஈ-டைப்பில் வரும் வகை கனமான சாலிஸ்பரி டிஃபரன்ஷியல் போட்டார்கள். சேஸிஸைப் பலப்படுத்தினார்கள். விற்பனைக்கு வந்த கார்களில் பின் பிரேக்கின் இடமே மாறியது. பின்னாடி ஸ்டியரிங்கும் மாறியது. இன்ஜினுக்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் புதுப் பலத்துக்குத் தயாரான பிறகுதான் இன்ஜின்.

17/
இதை மறந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஷெல்பியின் பட்டறையிலேயே சாட்சி இருக்கிறது. கோப்ரா 1964 லெ மான்ஸில் தன் பிரிவில் வென்றது, 1965-ல் ஃபெராரியைத் தாண்டி ஜிடி உலகப் பட்டமும் வாங்கியது. ஆனால் பேராசை விடுமா? 1964-ல் ஏழு லிட்டர் இன்ஜினை அதே பழைய சேஸிஸில் வைத்து செப்ரிங் பந்தயத்துக்குக் கொண்டு போனார்கள். பயிற்சியிலேயே கென் மைல்ஸ் கையில் அது மரத்தில் மோதியது. உலகின் தேர்ந்த ஓட்டுநர்களில் ஒருவர் அவர்.

18/
பாடம் புரிந்தது. 1965-ல் வந்த ஏழு லிட்டர் கோப்ராவுக்குச் சேஸிஸையே புதிதாகப் போட்டார்கள். மூன்று அங்குலக் குழாய் நாலு அங்குலம் ஆனது. பட்டை ஸ்பிரிங் போய் சுருள் ஸ்பிரிங் வந்தது. பெயர் பழசு, பார்க்க அதே கார், உள்ளே வேறு உடம்பு. உடம்பு தாங்காத இதயத்தால் பயன் இல்லை. இந்த வாக்கியத்தோடு மருத்துவத்துக்கு வந்துவிட்டோம்.

19/
1967 டிசம்பர் 3, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். கிறிஸ்டியான் பர்னார்ட் மனிதரிலிருந்து மனிதருக்கு முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை செய்தார். பெற்றவர் லூயிஸ் வாஷ்கான்ஸ்கி. இதயம் தந்தது, கார் மோதி மூளை செயலிழந்த 25 வயதுப் பெண். வாஷ்கான்ஸ்கி 18 நாள் வாழ்ந்தார். இதயம் கடைசி வரை துடித்தது. ஆள் நிமோனியாவில் போனார். எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுத்த மருந்துகள் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தன.

20/
கார் பட்டறையின் விதிகள் இங்கேயும் உண்டு. ரத்த வகை பொருந்தணும். இதயத்தின் அளவு உடம்புக்குச் சரியாக இருக்கணும். பெரிய உடம்பில் சின்னப் பிள்ளையின் இதயம் செட் ஆகாது. நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏற்கெனவே மிக அதிகமாக இருந்தால், புதிய இதயத்தின் வலது பக்கம் அதற்கு எதிராகத் தள்ள முடியாமல் தோற்றுவிடும். அதனால்தான் அறுவைக்கு முன் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் என்று அத்தனையும் சோதிப்போம். டிஃபரன்ஷியலைப் பார்க்காமல் வி8 வைக்க மாட்டோம், அவ்வளவுதான்.

21/
இனி வித்தியாசம். முதலாவது, நேரம். காயலான் கடையில் இன்ஜின் ஆறு மாசம் மழையில் கிடந்தாலும் எடுத்துச் சரி பண்ணலாம். கழற்றிய இதயத்துக்கு, வழக்கமான ஐஸ் பெட்டியில், சுமார் நாலு மணி நேரம்தான். இரண்டாவது, ஒவ்வாமை. ஃபோர்ட் இன்ஜினை ஏசி சேஸிஸ் "நீ யார்?" என்று கேட்காது. இரும்புக்கு இரும்பு பகை இல்லை. உடம்பு கேட்கும். வாழ்நாள் முழுக்கக் கேட்கும். 1983-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகுதான் அந்தக் கேள்வியை ஓரளவு அடக்க முடிந்தது.

22/
மூன்றாவதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். புதிய இதயத்தை வைக்கும்போது ரத்தக்குழாய்களை இணைக்கிறோம், நரம்பை இணைப்பதில்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் மாட்டாத இன்ஜின் மாதிரி! அதனால் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90–110 துடிக்கும். படியேறினால் உடனே வேகம் கூடாது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகுதான் கூடும். குழாய் அடைத்தாலும் பெரும்பாலும் நெஞ்சு வலி தெரியாது. கோழிகளைக் கொன்றது நரம்புத் துண்டிப்பு. இங்கே நரம்பு இல்லாமலேயே இதயம் தானாகத் துடித்து ஆளை வாழ வைக்கிறது. துடிப்பைத் தொடங்கும் கணு இதயத்துக்குள்ளேயே இருப்பதால்தான் இது முடிகிறது.

23/
1990 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஷெல்பிக்கு இதயம் மாற்றினார்கள். வயது 67. ஓராண்டுகூட முடியவில்லை, 1991 மே மாதம் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் மற்ற கார்களுக்கு முன்னால் வழிநடத்தும் காரை அவரே ஓட்டினார். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. 1996-ல் அவருக்குச் சிறுநீரகமும் தேவைப்பட்டது, மகன் கொடுத்தார். 2012 மே மாதம், 89 வயதில் காலமானார். இன்னொருவரின் இதயம் அவருக்குள் ஏறக்குறைய 22 ஆண்டுகள் ஓடியது. இதயம் கிடைத்த மறுவருடமே குழந்தைகளின் உறுப்பு மாற்று சிகிச்சைக்கு உதவ ஓர் அறக்கட்டளையையும் தொடங்கினார்.

24/
சரி டாக்டர், இதில் எங்களுக்கு என்ன இருக்கு என்று கேட்பீங்க. இருக்கு. இன்ஜின் ஃபேக்டரியில் இன்னொன்று செய்யலாம். இதயத்துக்கு ஃபேக்டரி கிடையாது. இந்தியாவில் 1994-ல்தான் மூளைச்சாவைச் சட்டம் ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழு நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று சிகிச்சையைச் செய்தது. 2008-ல் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பள்ளி மாணவனின் பெற்றோர், இருவருமே மருத்துவர்கள், மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். தமிழ்நாடே அன்று இதைப் பற்றிப் பேசியது. உறுப்பு தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்தது.

25/
பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. நீங்கள் உறுப்பு தான அட்டை வாங்கி வைத்திருந்தாலும், அந்த நேரத்தில் குடும்பத்தினர் சம்மதம் கேட்கப்படும். அவர்கள் வேண்டாம் என்றால் நடக்காது. ஐ.சி.யூ. வாசலில் அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடம் "உங்க பையன் விருப்பம் என்ன?" என்று கேட்கும்போது, "அவன் ஏற்கெனவே சொல்லியிருக்கான்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். "தெரியலையே" என்று வந்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மூளைச்சாவு என்பது கோமா இல்லை. மருத்துவர் குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அறிவிக்கப்படும். அதிலிருந்து திரும்பி வருவது கிடையாது.

26/
தலைப்பில் "இரவல்" என்று போட்டிருக்கிறேன். இன்ஜினுக்கு அது சரி. கழற்றிக் கொடுத்துவிடலாம். இதயத்துக்கு அந்த வார்த்தை பொருந்தாது. தந்தவர் திரும்பக் கேட்க வரமாட்டார். அதனால் இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "எனக்கு ஏதாவது ஆனா, குடுத்துடுங்க." சங்கடமான பேச்சுதான். ரெண்டு நிமிஷம். அப்புறம் ரசம் ஊத்திக்கலாம்.

ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் போட்டு, யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டிய நிலை வராமல் நீங்கள் நூறு வயது வாழ வேண்டும் என்பதே என் முதல் ஆசை.